ஆறு மண், ஒரே அச்சு

ஆறு ஊர் மண்ணில் அடித்துச் சுட்ட கட்டிகளைச் சூளையிலிருந்து இறக்கி வரிசையாக நிறுத்திப் பார்த்தால் எந்த இரண்டும் ஒரே உயரம் இல்லை. பாபநாசத்து மண் 37.9 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்து மண் 35.1. எல்லாமே ஒரே மர அச்சில், ஒரே 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு அடித்தவைதான். இந்த வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றுதான், போன வருடம் காட்சிக்கு வைத்த ஆறு தாழிகளையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். மண்ணில் கை வைக்கிறவர்களுக்கு, அதிலும் ஒருமுறை ஊர் பார்க்க வைத்ததை எடுத்துத் திருத்த நினைக்கிறவர்களுக்கு அளவும் செலவும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

பழைய வேலை இதுதான். தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் விழும் வரை ஏறக்குறைய 128 கிலோமீட்டர். அந்த வழியில் பாபநாசம், காருகுறிச்சி, சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், புன்னைக்காயல் என்று ஆறு ஊர் மண்ணை எடுத்து ஊருக்கு ஒரு தாழி செய்தேன். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனதில் கடைசி மூன்று ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்கள் பேச்சில் அதுவும் நெல்லைச் சீமைதான். வடிவத்துக்கு ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி: அகன்ற வாய், கீழே கூம்பி இறங்கும் அடி. 2023-ல் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தரைமேல் நின்று, காலுக்குக் கீழே குழிக்குள் கிடக்கும் தாழிகளைப் பார்த்ததிலிருந்து அந்த வடிவம் மண்டையை விட்டுப் போகவில்லை. உயரம் 45 செ.மீ. ஆறுக்கும் மேலே காவிக் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகு ஏற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. பாளையங்கோட்டையில் நண்பர்கள் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் வைத்தேன்.

சொன்னவர்களும் சொன்னதும்

பாராட்டு நிறையவே வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. வேலைக்கு உதவியவை மூன்று பேச்சு.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த சிற்பி, சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஆறு அட்டையையும் கவிழ்த்து வைத்தார். "இப்ப சொல்லுங்க, இதுல எது புன்னைக்காயல்?" கடைசியில் இருந்ததைக் காட்டினேன். "மண்ணைப் பார்த்துக் காட்டினீங்களா, வரிசையைப் பார்த்தா?" என்றார். வரிசையைப் பார்த்துத்தான். "அப்ப வேலையைச் செய்யறது அட்டை. தாழி சும்மா நிக்குது."

இரண்டாவது, ஒரு கல்லூரிப் பெண். புன்னைக்காயல் தாழியின் கழுத்தில் விரலை வைத்து, "சார், இந்த இடம் மட்டும் ஏன் வேற கலர்?" என்று கேட்டது. சுட்ட பிறகு அங்கே சில்லு தெறித்து விழுந்திருந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் காவியைக் கலந்து அடைத்திருந்தேன்.

மூன்றாவது, காருகுறிச்சியில் நான் சூளை பங்கு வாங்கும் வேளார் அண்ணாச்சியின் அம்மா. மகனோடு வந்திருந்த ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்கள்: "ஆறு பொம்பளைக்கும் ஒரே சேலையக் கட்டி, முக்காடும் போட்டு நிறுத்திட்டியளே சார்வாள். பெறவு எவ எந்த ஊர்க்காரின்னு எப்படித் தெரியும்?"

இவை தவிர, தாழிக்குள் பல்பு போடலாம், ஆற்றுச் சத்தத்தைப் பதிவு செய்து உள்ளே ஸ்பீக்கர் வைக்கலாம், காவிக்குப் பதில் நீலம் பூசலாம் என்றும் பலர் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு இரண்டாகப் பிரித்தேன்: கண்ணில் பட்டதைச் சொன்னவர்கள் ஒரு பக்கம், என்ன செய்யவேண்டும் என்று சொன்னவர்கள் ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்தை அப்படியே மூடிவிட்டேன். வழி சொல்பவர்கள் தங்கள் மனசில் உள்ள வேறொரு வேலையைத்தான் சொல்கிறார்கள். முதல் பக்கத்தில் மூன்று பேரும் சொன்னது ஒன்றேதான். நான் மண்ணைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு மண்ணை மூடி வைத்திருக்கிறேன்.

சுரண்டல்

காவியை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. முதலில் கம்பி பிரஷ். மெருகேற்றிய காவி அசையவே இல்லை. தண்ணீர் விட்டு 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டால் ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு ஒரு தாள் காலி. காவி பூசும்போது அது மேலே நிற்பதாகத்தான் தெரியும். ஈரமாக இருக்கும் மண்ணில் பூசிக் கல்லால் தேய்க்கும்போது அது தோலுக்குள் இறங்கிவிடுகிறது. சுட்டபின் பிரிக்க முடியாது.

ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டைப் போட்டபோது வேகமாக எடுத்தது, ஆனால் தாழியின் வளைவு முழுவதும் பிறை பிறையாகக் கீறல். அந்தக் கீறல் எனக்குப் பிடிக்கவில்லை. மண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை, மெஷினைப் பற்றித்தான் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: சுட்ட மண்ணைக் காய்ந்த நிலையில் அரைக்கும்போது வரும் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டு செய்யாதீர்கள். வடிகட்டி உள்ள மாஸ்க் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. யாராவது பக்கத்தில் நின்று தண்ணீரைச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். மெஷினில் தண்ணீர் படாமல்.

இப்படிச் செய்கையில் ஸ்ரீவைகுண்டத்துத் தாழி கையை விட்டு வழுக்கி வாய்ப்பக்கம் உடைந்தது. உடைந்ததுதானே என்று, டைல்ஸ் வெட்டும் 4 இன்ச் டைமண்ட் பிளேடால் மேலிருந்து கீழாக நேரே அறுத்தேன். திருப்பம் அங்கேதான் கிடைத்தது. வெட்டு முகத்தில் வெளிப்பக்கம் விரல்நகக் கனத்துக்குச் சிவப்பு, நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, உள்பக்கம் மறுபடி சிவப்பு. வண்டலில் மக்கிக் கிடந்த இலை தழை முழுக்க எரிந்து தீராமல் கரியாக நின்றுவிட்ட கருப்பு. பாபநாசத்துத் தாழியையும் அறுத்தேன். அதில் கருப்பே இல்லை. முழுக்க ஒரே ஆரஞ்சுச் சிவப்பு, இடையிடையே அப்பிரகப் பொறி மினுங்குகிறது. காருகுறிச்சியில் பென்சில் கோடு போல மெல்லிசாகச் சாம்பல் நிறம். ஆறையும் அறுத்து வெட்டு முகம் மேலே வரும்படி தரையில் போட்டேன். எந்த அட்டையும் இல்லாமல் ஆறும் ஆறு விதம்.

தாழி வடிவத்தையும் அன்றைக்கே விட்டேன். அது ஆதிச்சநல்லூரின் வடிவம். அதைப் பார்க்கிறவர்கள் மண்ணை விட்டுவிட்டு 'ஓ, தாழியா' என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சொந்தமாக ஒன்றும் சொல்லாத வடிவம் வேண்டும். செங்கல்லை விட அப்படிப்பட்ட வடிவம் எது?

அச்சும் ஒரு சட்டமும்

தச்சாசாரியிடம் வேங்கைப் பலகையில் ஒரு அச்சு செய்யச் சொன்னேன். உள் அளவு 40 செ.மீ. நீளம், 10 அகலம், 5 கனம். நான்கு மூலையும் ஆணி அடிக்காமல் ஆப்பு வைத்துக் கழற்றுவது போல. செங்கல் சூளைக்காரர்கள் அச்சைக் கவிழ்த்து உதறுவார்கள், ஆனால் இந்த நீளத்துக்கு உதறினால் நடுவில் வளைந்துவிடும். கழற்றும் அச்சுதான் சரி. கூலியோடு 1,100 ரூபாய்.

எனக்கு நானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன்: மண்ணோடு எதையும் சேர்ப்பதில்லை, மண்ணிலிருந்து எதையும் சலிப்பதுமில்லை. கல், வேர், கண்ணாடித் துண்டு மட்டும் கையால் பொறுக்கலாம். மணல் கலந்தால் எல்லா மண்ணும் ஒழுங்குக்கு வந்துவிடும். காவி செய்த வேலையைத்தான் அதுவும் உள்ளிருந்து செய்யும்.

மண் எடுப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆற்றுக்குள் இறங்கி அள்ளக் கூடாது. குளத்து வண்டலுக்குத் தாசில்தார் அனுமதி உண்டு. மண்பாண்டத் தொழிலாளர்கள் அனுமதி வாங்கி எடுக்கும்போது அவர்களிடம் இரண்டு சாக்கு கேட்டு வாங்குவதுதான் எளிது. காருகுறிச்சி மண் அப்படி வந்தது. பாபநாசத்தில் வாழைக்குக் குழி எடுத்த வயல்காரரிடம் வாங்கினேன். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கிறது. அங்கே குற்றாலத்துப் பக்கத்து மண்ணும் சேர்ந்துதான் கிடைக்கும். அதனாலேயே அந்த ஊரைச் சேர்த்தேன். ஸ்ரீவைகுண்டம் ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணை. அதன் கால்வாயில் பாயும் குளம் ஒன்றின் கரம்பை மண், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி மழமழவென்று இருக்கும். ஏரலில் கிணறு தூர் எடுத்த மண். புன்னைக்காயலில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் ஒரு சிமெண்டுச் சாக்கு நிறைய. சிப்பியும் உப்புமாக, சாக்கு காயக் காய வெளியே வெள்ளை பூத்தது. எல்லாவற்றையும் ஏற்றி சேரன்மகாதேவிக்குக் கொண்டுவர வண்டி வாடகை 1,800.

ஒவ்வொரு மண்ணையும் நன்றாக வெயிலில் காயவைத்து, கட்டி உடைத்து, தொட்டியில் போட்டுத் தண்ணீரை மெதுவாக விட்டேன். காய்ந்த மண்தான் தண்ணீரில் தானாகக் கரையும். அரை ஈர மண் கட்டி கட்டியாகவே நிற்கும், எவ்வளவு மிதித்தாலும் உள்ளே காய் இருக்கும். ஊறியதைச் சாக்கில் கொட்டி நீர் வடித்து, காலால் மிதித்து, கம்பியால் அறுத்து அறுத்து ஒட்டி அடித்தேன். பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை. விடுமுறையில்தான் இதற்கெல்லாம் முதுகு கிடைக்கும்.

பதம்தான் தகராறு. ஒரே அச்சு, ஒரே அளவு என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரு மண்ணில் தண்ணீர் கூடினால் அது கூடுதலாகச் சுருங்கும், அப்புறம் ஒப்பிட்டு என்ன பயன்? ஆச்சி சொன்ன வழிதான் கைகொடுத்தது: மண்ணைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரித்து விரலைச் சுற்றி வளைக்கவேண்டும். வெடிப்பு விடாமல் வளைந்து, விரலில் ஒட்டாமல் கழன்றால் பதம். பாபநாசத்து மண் எந்தப் பதத்திலும் வளையவில்லை, அவ்வளவு மணல். அதற்கு மட்டும் கையில் பிடித்து உருண்டை நிற்கும் பதத்தில் நிறுத்தினேன். ஆகவே என் அளவுகளை ஆய்வுக்கூட அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அச்சின் உள்ளே சாம்பல் தூவி, மண்ணை ஒரே உருண்டையாக ஓங்கி எறிந்து அடைக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் இணைப்பு இருந்த இடங்களிலெல்லாம் காயும்போது பிரியும். இவ்வளவு நீளத்துக்கு ஒரே உருண்டை கிட்டத்தட்ட நாலு கிலோ. அதை நீளவாக்கில் உருட்டி மேலிருந்து போடவேண்டும். ஒவ்வொரு மண்ணிலும் மூன்று கட்டி, மொத்தம் 18.

காயவைத்தது

5 செ.மீ. கனமுள்ள கட்டி காயும் விதம் பானை காய்வது போல அல்ல. வெளிப்பக்கம் முதலில் சுருங்கி, உள்ளே ஈரமாக இருக்கும் மண்ணை இறுக்கும். இறுக்கம் தாங்காமல் வெடிக்கும். அதோடு கட்டி சுருங்கும்போது அடிப்பக்கம் தரையில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றால் அங்கே ஒரு வெடிப்பு. அதற்கு, தரையில் தேரி மணலை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி அதன்மேல் கட்டியை வைத்தேன். திசையன்விளைப் பக்கம் போனபோது இரண்டு வாளி கொண்டுவந்திருந்தேன். அந்தச் செம்மணல் உருண்டையாக, வழுவழுப்பாக இருப்பதால் கட்டி அதன்மேல் உருள்வது போல நகர்ந்துகொள்கிறது. மேலே ஈரச் சாக்கு, அதன்மேல் பாலிதீன். தினம் காலையில் பக்கம் புரட்டிப் போடவேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்து மண் இதற்கும் மசியவில்லை. மூன்றில் ஒன்று நடுவில் குறுக்கே, அரிவாளால் வெட்டியது போல இரண்டாகப் போனது. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "மூணுக்கு ஒண்ணு மணல் போடாம இந்த மண்ணு நிக்காது சார்வாள். எங்க அய்யா காலத்துலயே இத இப்படித்தான் அடக்குவாவ" என்றார். தொழிலுக்கு அவர் சொல்வது சரி. எனக்கோ அடங்காத மண்தான் வேண்டும். இரண்டு துண்டையும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். நான் அதோடு சமையலறைத் தராசையும் பயன்படுத்தினேன். அடுத்தடுத்த நாளில் எடை ஒரு கிராம்கூட மாறாமல் இருந்தால்தான் காய்ந்தது. மார்கழிப் பனியில் காய்ந்த கட்டி காலையில் ஏறி மாலையில் இறங்கும், அதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

இரண்டு சூடு

முதல் சூட்டில் ஒவ்வொரு மண்ணிலும் ஒன்று என்று ஆறு கட்டியை அண்ணாச்சியின் பானைகளுக்கு நடுவே அடுக்கினோம். சூட்டை அளக்க நான் புதிதாக வாங்கிய தெர்மோகப்பிளும் மீட்டரும் 1,450 ரூபாய். கம்பி முனையை அடுக்குக்கு நடுவே செருகி வைத்தேன். அவருடைய சூளை பானைக்கான சூளை. அரை செ.மீ. சுவருள்ள பானைக்கு அந்த வேகம் தாங்கும். தீ பிடித்த பிறகு மீட்டரில் எண் ஓடுவதைப் பார்த்தே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 200-ஐத் தாண்டும் முன்பே உள்ளே 'டொப்', 'டொப்' என்று சத்தம். ஆறில் நான்கு சிதறியது. நைஸ் மண் நான்கும் போயின. சிதறிய சில்லில் அண்ணாச்சியின் இரண்டு பானைக்கும் ஓட்டை. அதற்குப் பணம் வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

தப்பியவை பாபநாசமும் காருகுறிச்சியும். அதிலும் பாபநாசம் முழுதாகத் தப்பவில்லை. சூடு தணியும் முன்பே மேலோட்டை விலக்கினோம், மீட்டர் 600-க்குப் பக்கத்தில் காட்டிக்கொண்டிருந்தது. காற்று பட்டதும் ஒரு மெல்லிய 'டிக்'. மறுநாள் எடுத்தபோது குறுக்கே மயிரிழைக் கீறல். மணல் அதிகம் உள்ள மண் ஏறும்போதும் இறங்கும்போதும் 573 டிகிரியை மெதுவாகக் கடக்கவேண்டும். அந்த இடத்தில் மணல்துகள் சட்டென்று அளவு மாறுகிறது.

இரண்டாம் சூட்டுக்கு அண்ணாச்சி வழக்கத்தை மாற்றிக்கொண்டார். கட்டிகளை அடுப்புவாயிலிருந்து தள்ளி, மேலடுக்கில், ஒன்றோடொன்று தொடாமல் நிறுத்தினோம். ராத்திரி முழுக்கக் கதம்பையும் வரட்டியும் மட்டும். தேங்காய்க் கதம்பை கனன்றுகொண்டே கிடக்கும், நாக்கு நீட்டாது. விடியும் வரை மீட்டர் 120-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். கட்டிகளுக்கு மேலே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினால் வேர்க்கவில்லை என்றான பிறகுதான் சீமைக்கருவேல விறகு. மணிக்கு 100 டிகிரி போல ஏற்றி, 810-ல் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். பிறகு வாயையும் மேலையும் மண் பூசி அடைத்துவிட்டு, மீட்டர் 80-க்கு இறங்கும் வரை யாரும் தொடவில்லை. இதற்கெல்லாம் சூளை நேரம் அதிகம் பிடித்தது. இரண்டு சூட்டுக்கும் சேர்த்து என் பங்கு 2,000.

உள்ளே போன 12-ல் 9 சரியாக வந்தது. மெதுவாகச் சுட்டதில் நடுக்கருப்பு எரிந்து தீர்ந்திருக்குமோ என்ற பயம் எனக்கு. ஒரு முனையில் 2 செ.மீ. அறுத்துப் பார்த்தேன். காருகுறிச்சியில் கருப்பு மங்கிச் சாம்பல் நிழலாகிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்தில் அப்படியே, கட்டியின் பாதி கனத்துக்கு நிற்கிறது. சீவலப்பேரியில் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. தீ எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை அது காட்டுகிறது. மேல்முனையை இப்படி அறுத்துத் தட்டையாக விட்டுவிடலாம், உயரத்தை அறுக்கும் முன்பே அளந்து குறித்துக்கொண்டு எல்லாவற்றிலும் ஒரே 2 செ.மீ. எடுத்தால் வித்தியாசம் கெடாது என்று முடிவு செய்தேன்.

புன்னைக்காயல் கட்டிக்குத் தனிக் கவனம். சிப்பித் துண்டு சூட்டில் சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதி, மேல்மண்ணைச் சில்லாகத் தெறிக்கவைக்கும். போன முறை கழுத்தில் விழுந்த சில்லுக்கு இதுதான் காரணம். செங்கல் தொழிலில் இதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு: சூளையிலிருந்து எடுத்த கையோடு தண்ணீரில் முக்கி ஊறவைப்பது. சுண்ணாம்பு ஒரேயடியாக நீர்த்துப் போனால் ஊதுவதும் குறையும். ஒரு ராத்திரி வாளியில் போட்டேன். சின்னச் சிப்பிகள் அடங்கிவிட்டன, பெரியவை இன்னும் அடங்கவில்லை. எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று: ஊறியது காய்ந்தபோது உள்ளே இருந்த உப்பெல்லாம் மேலே ஏறி, கட்டியின் நான்கு விளிம்பிலும் வெள்ளையாகப் பூத்தது. போன முறை அடைத்து மறைத்ததை இந்த முறை அப்படியே விட்டேன். விழுந்த சில்லையும் எடுக்கவில்லை, கட்டியின் அடியிலேயே கிடக்கட்டும்.

நிறுத்துவது

இவ்வளவு உயரக் கட்டி 5 செ.மீ. அடியில் நின்றால் ஒரு குழந்தை ஓடிவந்து தட்டினால் போயிற்று. அடியில் 10 எம்.எம். துளை போட்டு 8 எம்.எம். எஃகுக் கம்பி செருகி அரால்டைட் வைத்தேன். துளை போடும்போது டிரில்லிங் மெஷினில் சுத்தியல் அடியை நிறுத்திவிடுங்கள். இந்தச் சூட்டில் சுட்ட மண் மிருதுவானது, சுற்றினாலே இறங்கும். சுத்தியல் அடியோடு போட்டதில் ஏரல் கட்டி ஒன்று பிளந்தது. கம்பியும் பசையும் 520 ரூபாய்.

பீடத்துக்கு முதலில் தேக்குப் பலகை வாங்கி, பாலிஷ் போட்டு, ஆறையும் நிறுத்திப் படம் எடுத்துச் சென்னைச் சிற்பிக்கு அனுப்பினேன். "பலகை மட்டும் நகைக்கடைக்குப் போகுது" என்று ஒரு வரி வந்தது. தேக்கை வீட்டில் அலமாரித் தட்டாக்கிவிட்டேன். மேலச்செவலில் பிரித்த பழைய வீட்டின் பனை வாரை ஒன்று ஆறடி நீளத்தில் 600 ரூபாய்க்குக் கிடைத்தது. கறுத்து, வைரம் பாய்ந்து, ஆணித் துளைகளோடு இருந்தது. துடைத்ததோடு சரி. நூல் பிடித்து ஒரே கோட்டில் துளை போட்டு, கம்பியை இறக்கி நிறுத்தினேன். அடி ஒரே மட்டம், தலை ஏறி இறங்குகிறது. ஸ்ரீவைகுண்டத்து இடத்தில் முழுக் கட்டியை வைக்காமல், காயும்போதே ஒடிந்து இரண்டாம் சூட்டில் சுட்டு எடுத்த இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கம்பியில் கோத்தேன். அதனால் அது மட்டும் சுருங்கிய அளவைவிட உயரமாகத் தெரிகிறது. இது ஏமாற்று இல்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, கழித்துக்கொள்ளட்டும்.

டைமண்ட் பிளேடு இரண்டு 560. ஆக மொத்தம், மாஸ்க்கும் சேர்த்து, உடைந்த பானைக்குக் கொடுத்ததையும் தேக்குப் பலகையையும் கணக்கில் சேர்க்காமல், 8,180 ரூபாய். அட்டை எங்கும் இல்லை. ஊர்ப் பெயரைக் கட்டியின் அடியில் ஈரத்திலேயே ஆணியால் கீறியிருக்கிறேன், நிறுத்தியபின் யாருக்கும் தெரியாது.

காருகுறிச்சிக்கு எடுத்துப்போய் ஆச்சியிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதில் கை நின்றது. "இது நம்ம குளத்து மண்ணுல்லா." மற்றது? "எனக்கு என்ன தெரியும்? நான் அங்கல்லாம் சட்டி வனஞ்சனா?" கொஞ்சம் பொறுத்து, கடைசிக் கட்டியின் வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடக்கரை" என்றார்கள்.

அடுத்த முறைக்குச் சில மாற்றம். கனம் 5 வேண்டாம், 4 போதும். சூளையில் பாதி ஆபத்து அதிலேயே குறையும். நீளம் 50 ஆனால் உயர வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். மூன்றுக்குப் பதில் மண்ணுக்கு ஐந்து கட்டி அடிக்கவேண்டும். பதம் பார்க்க விரல் மட்டும் போதாது, ஊறப்போடும் முன் காய்ந்த மண்ணையும் தண்ணீரையும் எடைபோட்டு எழுதிவைக்கவேண்டும். புன்னைக்காயல் மண்ணில் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய சிப்பியை மட்டும் பொறுக்கலாமா என்று யோசிக்கிறேன். சட்டத்தை மீறுவதா, கட்டி வருடா வருடம் உதிர்ந்துகொண்டே போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. புது அச்சுக்கு ஆசாரியிடம் 500 முன்பணம் கொடுத்தாயிற்று, தைக்குப் பிறகு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.